சர்வருக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று

பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலை அன்று காலை, ஊர் முழுக்க அடுப்பு பற்றுவதற்கு முன்பே, என் தங்கையின் சமையற்கூடத்திலிருந்து கடைசிச் சாப்பாட்டுக் கேரியரும் வெளியே போய்விட்டது. ஒன்றுகூட வீடு மாறவில்லை. உப்பு ஆகாதவருக்கு உப்பில்லாத குழம்பு, சர்க்கரைக்காரருக்குச் சோற்றுக்குப் பதில் கோதுமைக் கஞ்சி, பல் இல்லாத மாமிக்குக் குழைய வெந்த பருப்புச் சாதம் என்று எல்லாம் உரிய வாசலில் உரிய கையில் சேர்ந்தன. உள்ளறையில் பூட்டியிருந்த கம்ப்யூட்டரை அன்று யாரும் தொடவில்லை, நான் உட்பட. இந்த வயதில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்கு இனி வரப்போவதில்லை.

ஆனால் அது ஒரு தப்பைத் திருத்தியதால் வந்த வெற்றி. தப்பு என்னுடையது. அதற்கான தண்டனையை அனுபவித்தது வேறொருத்தி. வெற்றியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போனால் அது இன்னொரு தப்பாகிவிடும்.

என் தங்கை மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அக்ரஹாரத் தெருவில் இருக்கிறாள். அங்கே பாதி வீடுகளில் இப்போது வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருந்துகொண்டு தினமும் வீடியோவில் “சாப்பிட்டேளா?” என்று கேட்கிறார்கள். அடுத்த வீட்டு மாமி ஒருத்தி கேஸை மூடாமல் தூங்கிப்போன நாளில், என் தங்கை அவளுக்கும் சேர்த்து மத்தியானச் சாப்பாடு சமைக்க ஆரம்பித்தாள். பிறகு எதிர்வீடு, பக்கத்துத் தெரு என்று பெருகி, வீட்டின் பின்கட்டு முழுக்கச் சமையற்கூடமாயிற்று. இரண்டு சமையல்காரர்கள், காய் நறுக்க, பாத்திரம் கழுவ நாலைந்து பெண்கள், கேரியர் கொண்டுபோக சைக்கிள்காரர்கள்.

இத்தனை பேரையும் கட்டி மேய்த்தவள் போனக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தோட்டத்தில் வேலை சுருங்கியதும் நகரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். எந்தக் கேரியர் எந்த வாசலுக்கு, யாருக்கு எது ஆகாது என்று சீட்டு ஒட்டி அனுப்புவது அவள் வேலை. என் தங்கையை “மாமி” என்பாள். என்னை “சார்” என்பாள். மலையாளிகள் போல “சாரே” என்று இழுத்தால் கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கேரியர்கள் பெருகிச் சீட்டுகள் குழம்பத் தொடங்கியபோது தங்கை என்னைக் கூப்பிட்டாள். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே அண்ணா, ஏதானும் பண்ணிக் குடேன்” என்றாள். நான் காத்திருந்த அழைப்பு அது. பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றைத் தேடிப் பிடித்தேன். ஒன்று சர்வர்: சாப்பிடுகிறவர்களின் விவரமெல்லாம் அதில் இருக்கும். மற்ற இரண்டும் மேசைக் கம்ப்யூட்டர்கள்: அவற்றில் உட்கார்ந்து அன்றைய மாற்றங்களைப் பதிந்தால் சர்வர் பிரிண்டருக்குச் சீட்டு அனுப்பும். எல்லாவற்றிலும் லினக்ஸ்.

லினக்ஸ் என்பது ஓர் எஞ்சின் மாதிரி. அதே எஞ்சினைக் கொண்டு ஒருவர் பஸ் கட்டுவார், ஒருவர் ஆட்டோ கட்டுவார், இன்னொருவர் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்வார். அப்படிக் கட்டி முடித்து வெவ்வேறு பெயரில் வருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறார்கள். பெயர்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ரசிகர் மன்றம் உண்டு, சண்டைக்கு வருவார்கள். இரண்டு ஜாதி என்று மட்டும் தெரிந்தால் போதும். சர்வருக்கானது படம், ஜன்னல், அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒரு மூலையில் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எளிதில் மாறாது. யாரும் எதிரில் உட்கார வேண்டியதில்லை. மேசைக்கானது மனிதருக்கு எதிரில் இருப்பது. எழுத்து அழகாக வரவேண்டும், மவுஸ் என்கிற எலி ஓடவேண்டும், எந்த மொழியிலும் தட்டச்சு செய்ய முடியவேண்டும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். தெரியாமல் செய்யவில்லை. நிறுவும்போது சர்வரா, மேசையா என்று அதுவே கேட்டது. நான் நன்றாக யோசித்து, தப்பான பதிலை இரண்டு பக்கமும் கொடுத்தேன்.

காரணம் என் உத்தியோகம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குமாஸ்தாக்களின் மேசையில் கறுப்புத் திரைதான் இருக்கும், பச்சை எழுத்து ஓடும். வண்ணத் திரை அதிகாரியின் அறையில் மட்டும். முக்கியமான மெஷினுக்கு முன்னால் முக்கியமானவர் உட்காருவார், அதனால் அது அழகாக இருக்கவேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன நியாயம். ஆக, சர்வரில் புத்தம் புதிய, பார்க்க லட்சணமான மேசை டிஸ்ட்ரோவை ஏற்றினேன். சீட்டு போடும் பெண்களுக்குச் சர்வருக்கான வறட்டு டிஸ்ட்ரோவை ஏற்றிக் கறுப்புத் திரையைக் கொடுத்தேன். அந்தக் கறுப்புத் திரையில் தமிழும் வராது, மலையாளமும் வராது. எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து.

“சார், இதுல நம்ம எழுத்து வராதா?” என்று போனக்காட்டுக்காரி முதல் நாளே கேட்டாள்.

“சீரியஸ் வேலைக்கு இதுதான்” என்றேன். “படம் பார்க்கறதுக்கா வந்திருக்கே?”

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டக் கற்றுக்கொண்டாள்.

அப்படியும் ஒரு வருஷம் போல நன்றாக ஓடியது. சர்வர் அப்போது சீட்டு போடும் கூடத்திலேயே ஓரமாக இருந்தது. அதன் திரையில் பெரிதாக மணி தெரியும். போகிறவள், வருகிறவள் எல்லோரும் எலியை ஓர் ஆட்டு ஆட்டி மணி பார்த்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மாவுக் கை, எண்ணெய்க் கை. சர்வர் என்றால் அதற்கென்று தனி அறை வேண்டும். உள்ளே சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்தேன், காற்றாடி மாட்டினேன், சர்வரைக் கொண்டுபோய் வைத்தேன். கதவுக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும் என்று ஒரு விதி வேறு.

“என்னண்ணா இது, கர்ப்பக்கிருகம் மாதிரி ஆக்கிட்டே!” என்று தங்கை சிரித்தாள்.

“பின்னே? இது சர்வர் ஆக்கும்” என்றேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் நான் வந்து சரிபார்த்துவிட்டுப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். பத்து மணிக்குச் சீட்டு அடிக்கிற நேரத்தில் சர்வர் பதில் சொல்லாது. தினமும் அல்ல. மூன்று நாள் ஓடும், நாலாம் நாள் நிற்கும். பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நிற்கும். தங்கை போன் செய்வாள். “அண்ணா, திரும்பவும் நின்னு போயிடுத்து. குழம்பு ஆறறது, சீட்டு வரலை. சட்டுனு வாயேன்!” நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவேன். கதவைத் திறந்து பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், கண் சிமிட்டுவதற்குள் எழுந்து நிற்கும். எவ்வளவு வேகமாக எழுகிறது பார் என்று பெருமைப்பட்டேன். அணைந்துபோன கம்ப்யூட்டர் அத்தனை சீக்கிரம் எழாது என்பது கம்ப்யூட்டர் பிரிவிலேயே தலை நரைத்த எனக்குத் தோன்றவில்லை. பெருமை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

யாரோ மின்சாரத்தை அணைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அந்த அறைக்கான சுவிட்ச் வெளியே, கூடத்துச் சுவரில், போனக்காட்டுக்காரியின் மேசைக்கு மேலே இருந்தது.

ஒருநாள் வந்து பட்டனை அழுத்திவிட்டு நேரே கூடத்தில் போய் நின்றேன். சமையல்காரர்கள், காய் நறுக்குகிறவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

“இந்தச் சுவிட்சை யார் அணைக்கறா?”

நான் அவளைப் பார்த்தேன்.

“சார், நான் அதத் தொட்டதே இல்ல, கேட்டோ. எனக்கு அதுல என்ன காரியம்?”

“வேற யார் மேசை இங்கே இருக்கு?”

“மேசை இருந்தா? சுவத்துல பல்லிகூடத்தான் இருக்கு சாரே.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. “லயத்துல லைட்டை அணைச்சு அணைச்சுப் பழகினவாளுக்கு அது எங்கே போனாலும் விடாது” என்றேன்.

சொன்னது அப்படியே, வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. கோபத்தில் வந்துவிட்டது என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். கோபத்தில் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் நான் ஜெயிக்க வேண்டியிருந்தது.

அவள் அன்றைய கேரியர்கள் அத்தனைக்கும் சீட்டு ஒட்டி அனுப்பினாள். பிறகு கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, “மாமி, நான் நாளைக்கு வரமாட்டேன். நீங்க யாரையாச்சும் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். தங்கை வாசல்வரை பின்னால் போய்க் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. நான் அன்றே சர்வரில் அவளுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் நீக்கினேன். ஓர் அதிகாரி செய்யவேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

மறுநாள் சர்வர் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. பார்த்தாயா என்று தங்கையிடம் சொன்னேன். மூன்றாம் நாள் நின்றது.

“இப்போ யார் அணைச்சா?” என்று தங்கை கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசவும் இல்லை. சர்வர் நின்றால் என்னைக் கூப்பிடாமல் சீட்டைத் தானே கையால் எழுதினாள். அவளுக்குக் கண்ணில் புரை. ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஊறுகாய் போயிற்று. விரதக்காரிக்கு வெங்காய சாம்பார் போயிற்று. ஒரு தாத்தா கேரியரோடு நேரில் வந்து, “என்னைக் கொல்லப் பாக்கறேளா?” என்று வாசலில் நின்று கத்தினார்.

ஒருநாள் தங்கை என்னை உட்கார வைத்துச் சொன்னாள். “அண்ணா, பொங்காலை வரப்போறது. அன்னிக்கு ரோடெல்லாம் அடைச்சுடுவா. நீ ஓடி வரக்கூட முடியாது. சீட்டு வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்? அன்னிக்குச் சாப்பாடு இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“அவாளெல்லாம் என்ன சாப்பிடுவா?”

“அதை நீதான் யோசிக்கணும். அந்தப் பொண்ணு இருந்தா கையாலயே சமாளிச்சுடுவா. நீயாச்சு, உன் கர்ப்பக்கிருகமாச்சு.”

மறுநாள் காலையிலேயே நான் அறைக்குள் போய்க் காவல் உட்கார்ந்தேன். யார் அணைத்தாலும் கண்ணால் பிடித்துவிட வேண்டும் என்றுதான் அப்போதும் எண்ணம். சர்வரைச் சரிபார்த்துவிட்டு, வழக்கம்போல முறையாக வெளியேறினேன். வெளியேறினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முகப்புத் திரை வரும். அதையும் மணியையும் பார்த்துக்கொண்டு, எதையும் தொடாமல், பேப்பர் படித்தேன். விளையாட்டுப் பக்கம் முடிந்து வரி விளம்பரங்களுக்கு வந்திருப்பேன். திரை கறுத்தது. சர்வருக்குள் இருந்த விசிறியின் சத்தம் நின்றது. தலைக்கு மேலே காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருந்தது. சர்வரின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு மெதுவாக மினுங்கி அணைந்தது, மறுபடி மினுங்கியது.

வெளியிலிருந்து தங்கையின் குரல்: “போச்சு!”

அது அணையவில்லை. தூங்கியிருந்தது.

மேசைக்காகச் செய்த டிஸ்ட்ரோ அது. எதிரில் மனிதர் இல்லை, எலி அசையவில்லை என்றால், பாவம் எல்லோரும் போய்விட்டார்கள் போல என்று மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதுவே கண்ணை மூடிக்கொள்ளும். அதன் குணம் அது, நல்ல குணம்தான். நான் வெளியேற மறந்து போன நாட்களில் நான் இன்னும் உள்ளே இருப்பதாக எண்ணிக்கொண்டு விழித்திருந்தது. ஒழுங்காக வெளியேறிக் கதவைப் பூட்டிய நாட்களில் தூங்கிவிட்டது. கூடத்தில் இருந்தவரைக்கும் அத்தனை பேரும் மணி பார்க்க எலியை ஆட்டி ஆட்டி அதை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. லயத்தில் பழகியவள் எதையும் அணைக்கவில்லை. நான் கொண்டுவந்து வைத்த சாமிதான் தானாக அணைந்திருக்கிறது.

கதவு திறந்திருந்தது. தலைமைச் சமையல்காரர் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

“என்ன ஸார், என்ன ஆச்சு?”

“தூங்கறது.”

“சரியாப் போச்சு. இந்த ஊர்க் கோயில்ல பள்ளிகொண்ட பெருமாள் ஒருத்தர் போறாதா, நீங்க வேற ஒண்ணைக் கொண்டுவந்து படுக்க வச்சிருக்கேளே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தூக்கத்தை நிறுத்த ஓர் அமைப்பை மாற்றினால் போதும், கால் நிமிஷ வேலை. ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒன்று தலைகீழாக இருந்தால் மற்றதும் தலைகீழாகத்தான் இருக்கும். பல வருஷ உத்தியோகத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாக, கம்ப்யூட்டரில் வேலை செய்யப்போகிறவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“எனக்குத் தமிழ்ல வரணும்” என்றாள் தங்கை. “பெரிசு பெரிசா வரணும். இன்னிக்கு இருந்த இடத்திலே நாளைக்கும் இருக்கணும். நடுவுல வந்து அதைப் புதுப்பிக்கட்டுமா, இதைப் புதுப்பிக்கட்டுமான்னு கேக்கப்படாது.”

காய் நறுக்கும் பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “சார், மலையாளமும் வேணும். ஞங்கள்ல பகுதிபேருக்கு அதான் வாயிக்கத் தெரியும்.” அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும்தான்.

“சர்வர் எப்படி இருக்கணும்?” என்று கேட்டேன்.

“அது இருக்கறதே எனக்குத் தெரியப்படாது” என்றாள் தங்கை.

டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். சர்வருக்கு, உள்ளதிலேயே சுவாரஸ்யம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். புதுமை என்று ஒன்றுமே இல்லாதது, பல வருஷங்களுக்குப் பாதுகாப்பு ஓட்டை அடைப்பு மட்டும் செய்துதருகிறோம், வேறு எதையும் மாற்றமாட்டோம் என்று வாக்குக் கொடுப்பது. அதில் திரைக்கு ஜன்னலும் படமும் ஏற்றவே இல்லை. திரையையே கழற்றிவிட்டேன். மேசைகளுக்கு அதே குடும்பத்தில், தமிழும் மலையாளமும் கூட்டெழுத்து உடையாமல் வருகிற, நீண்ட காலம் ஆதரவுள்ள ஒன்று. ஒரே குடும்பமாக இருந்தால் பிற்பாடு பார்த்துக்கொள்கிறவனுக்குச் சுலபம். நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டுமே. தானாகப் புதுப்பித்துக்கொள்வதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஒதுக்கினேன், சமையற்கூடத்துக்கு விடுமுறை அப்போதுதான். விவரங்களையெல்லாம் மாற்றி, பெயர்களைத் தமிழில் நானே உட்கார்ந்து தட்டினேன். சர்வர் அறையைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தங்கையிடம் கொடுத்தேன். பல நாட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

மெஷின் சரியாயிற்று. செய்த பாவம் அப்படியே இருந்தது.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி நெடுமங்காடு வழியாக, போனக்காட்டுக்குப் போகும் வழியிலுள்ள வித்துராவுக்குப் போனேன். அவள் அங்கே சந்தைக்கு எதிரில் ஒரு பேக்கரியில் இருக்கிறாள் என்று தங்கை விசாரித்து வைத்திருந்தாள். கடையில் கூட்டம். அவள் என்னைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரி ரொட்டியைப் பொட்டலம் கட்டினாள். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

“என்ன வேணும்?”

“தப்புப் பண்ணிட்டேன் அம்மா. அது நீ இல்லை. மெஷின் தானாத் தூங்கியிருக்கு. அதை அங்கே வச்சது நான்தான்.”

“பன்னு வேணுமா, பப்ஸு வேணுமா சாரே? பின்னால ஆளு நிக்குது.”

ஒரு பன் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்ததும் அவளே வெளியே வந்தாள்.

“லயத்தச் சொன்னீங்கல்ல, அது மெஷின் சொல்லலியே சார். நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன்.”

“எங்கம்மா லைட்ட அணைச்சுட்டுதான் படுப்பா. கரண்ட் இருந்த காலத்துல. அதுல என்ன மோசம்?”

“ஒண்ணும் மோசம் இல்லை. எனக்குத்தான் புத்தி மோசம். மன்னிச்சுக்கோ.”

“இங்க வந்து சொன்னா ஆரு கேப்பா? அந்தப் பேக்கரிச் சேட்டன் கேப்பான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.” அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அங்க வச்சு, அவ்வளவு பேரு முன்னாடி சொன்னத, அங்க வச்சுத்தான் எடுக்கணும்.”

“எடுக்கறேன். நீ வரணுமே.”

“பொங்காலைக்கு வருவேன். அடுப்பு வைக்க. வேலைக்கு இல்ல, அடுப்பு வைக்க மட்டும்.”

பொங்காலைக்கு முந்தின நாளே ஊருக்குள் பெண்கள் வந்து குவிந்தார்கள். தெரு ஓரமெல்லாம் செங்கல் வைத்து இடம் பிடித்தாயிற்று. மறுநாள் விடியும்போது தங்கையின் வாசலுக்கு நேரே மூன்று செங்கலும் ஒரு புது மண்பானையும் இருந்தன. பக்கத்தில் அவள். ஈரத்தலையோடு வேஷ்டியும், நேரியல் என்னும் மேல்துண்டும் உடுத்து நின்றாள். தங்கை ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

கூடத்தில் எல்லோரும் வேலைக்கு நின்றிருந்தார்கள். சைக்கிள் போக வழியில்லாததால் அன்று எல்லாக் கேரியரும் நடைதான். அடுப்பு மூட்டிவிட்டால் புகையில் தெருவே தெரியாது, அதற்குள் எல்லாம் போய்ச் சேரவேண்டும். இதற்கு நடுவில்தான் நான் பேசினேன்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்கோ. சுவிட்சை இவள் அணைக்கறான்னு இங்கே நின்னு சொன்னேன். பொய். யாரும் அணைக்கலை. சர்வருக்கு வைக்கக்கூடாத சிஸ்டத்தை வச்சது நான். தெரிஞ்சேதான் வச்சேன். இவ பிறந்த வீட்டைச் சொல்லி ஒண்ணு சொன்னேன், அது பொய்யைவிட மட்டமானது. ரெண்டையும் திருப்பி எடுத்துக்கறேன். மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

தலைமைச் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிரிண்டரிலிருந்து வந்து மேசையில் அடுக்கியிருந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். தமிழில், பெரிய எழுத்தில், வீட்டு எண்ணும் பெயரும் ‘உப்பு வேண்டாம்’ என்பதும் இருந்தன. கீழே மலையாளத்திலும் அதே. அவள் வாய்விட்டுப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். மூன்றாவதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமி, இந்த மூலைத் தெரு வழியாப் போகப்பற்றாது. நான் அந்த வழிதானே வந்தேன், அடுப்பா வச்சு அடைச்சிருக்கு. இதெல்லாம் குளத்தங்கரையச் சுத்தித்தான் போகணும். எடுங்க, எடுங்க! யாரு நிக்கறது சும்மா?”

யாரும் சும்மா நிற்கவில்லை. சீட்டுகளை வழிப்படி மாற்றி அடுக்கினாள். சீட்டு வேண்டும் என்று தட்டியபோதெல்லாம் வந்தது. ஒரு மாமி கடைசி நேரத்தில் போன் செய்து, தான் விரதம், அரிசி வேண்டாம் என்றாள். அதையும் மாற்றித் தட்டினார்கள், உடனே புதுச் சீட்டு வந்து விழுந்தது. உள்ளறை பூட்டியே இருந்தது. நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டவள், “சாருக்குக் கை ரெண்டும் சும்மாத்தானே இருக்கு?” என்று இரண்டு கேரியர்களை என் கையில் கொடுத்தாள்.

செங்கல் அடுப்புகளுக்கு நடுவே, ஆயிரம் பெண்கள் உட்கார்ந்திருந்த தெருவில், கேரியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி” என்று நடந்தேன். “மாமன் பொங்காலை இடான் வந்நதாணோ?” என்று ஒருத்தி கேட்டாள்; பெண்கள் மட்டும் இடும் பொங்காலைக்கு மாமாவும் வந்தாரோ என்று கேலி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்திய தாத்தா வாசலிலேயே காத்திருந்தார். சீட்டைக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். “தமிழ்ல இருக்கே!” என்றார். பிறகு, “ரசம் தண்ணியா இருந்தா நாளைக்கு வந்து சொல்லுவேன்” என்றார். நான் திரும்பி வரும்போது அடுப்பு மூட்டலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தீ கைமாறிக் கைமாறிப் போயிற்று, குலவைச் சத்தம் எழுந்தது. கேரியர் அத்தனையும் போய்ச் சேர்ந்திருந்தது.

நைவேத்தியம் முடிந்து புகை அடங்க மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் பானையோடு உள்ளே வந்து எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். பிறகு தங்கையிடம் கேட்டாள்: “மாமி, நாளைக்கு எப்ப வரணும்?”

“எப்பவும் போல வாடீ” என்றாள் தங்கை.

அவள் மேசைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் தமிழில் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவள் பெயரும் இருந்தது. வித்துராவுக்குப் போவதற்கு முன்பே நான் சேர்த்துவைத்தது.

“நீங்க என் பேர எடுத்துட்டீங்கன்னுல்ல கேள்விப்பட்டேன்?”

“எடுத்தேன். திரும்பவும் போட்டேன். கடவுச்சொல் நீதான் புதுசா வைக்கணும்.”

அவள் விசைப்பலகையில் கையை வைத்தாள். அப்புறம் எடுத்தாள்.

“சார், நீங்க அங்கோட்டுத் திரும்பி நில்லுங்க.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால் காய் நறுக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அவள் ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல் தட்டிக்கொண்டிருந்தாள். என்னால் கேட்க முடிந்தது அது ஒன்றுதான். முடிந்துவிட்டது, திரும்பலாம் என்று அவள் சொல்கிறவரைக்கும் நான் அப்படியே நின்றேன்.